வலிக்கிற கைமேல் தீயைக் காட்டலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 66 வயது. இரண்டு கை விரல்களிலும் மூட்டுத் தேய்மானம், கூடவே சர்க்கரை. தினமும் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறோம். தம்பி ஒரு ஏ.ஆர். ஹெட்செட் (நிஜக் காட்சியின்மேல் கணினிப் படத்தைச் சேர்த்துக் காட்டும் கண்ணாடி) வாங்கி வந்திருக்கிறான். அதைப் போட்டுக்கொண்டு பார்த்தால் நம் கைமேல் தீ எரிவதுபோல் தெரிகிறது. எனக்கு லேசாகச் சுடவும் செய்தது. ஒத்தடத்துக்குப் பதிலாக இதையே பயன்படுத்தலாமா?

பதில்: வேண்டாம். அம்மாவின் வலி இதனால் கூடவும் வாய்ப்பிருக்கிறது.

உங்களுக்குச் சுட்டது பொய்யில்லை. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2013-இல் இதையேதான் செய்து பார்த்தார்கள். தங்கள் கையில் தீயும் புகையும் கிளம்புவதைப் பார்த்தவர்களில் சிலர், நிஜமாகவே சூடு தெரிந்ததாகச் சொன்னார்கள். தோல் அனுப்பும் செய்தியோடு கண் சொல்வதையும் சேர்த்துத்தான் மூளை சூட்டையும் வலியையும் கணக்கிடுகிறது.

ஆனால் ஒத்தடம் வேலை செய்வது வேறு விதம். வெந்நீரின் சூடு உள்ளே இறங்கி ரத்த ஓட்டத்தைக் கூட்டுகிறது, இறுக்கத்தைத் தளர்த்துகிறது. படத்தில் எரியும் தீ தோலை ஒரு டிகிரிகூடச் சூடாக்காது.

அப்புறம், நிறம். 2007-இல் வந்த ஓர் ஆய்வில், மைனஸ் 20 டிகிரி குளிரில் இருந்த உலோகத்தைக் கையில் வைத்து, கூடவே சிவப்பு அல்லது நீல விளக்கைக் காட்டினார்கள். அதே குளிர்தான், சிவப்போடு வந்தபோது அதிகம் வலித்தது, சுடுவதுபோலவும் இருந்தது. 2013-இல் பார்சிலோனா ஆய்வாளர்கள், தன் கைபோலவே தெரியும் மெய்நிகர் கையின் (கணினி உருவாக்கிய கை) நிறத்தை மாற்றிப் பார்த்தார்கள். அந்தக் கை சிவந்து தெரிந்தபோது, நிஜக் கையில் கொடுத்த சூடு சீக்கிரமே வலியாக மாறியது. சிவப்பை மூளை ஆபத்தாக எடுத்துக்கொள்கிறது என்பதே என் புரிதல். ஏற்கெனவே வலிக்கிற மூட்டின்மேல் தீயைக் காட்டுவது அதனால்தான் தவறு.

உங்கள் அம்மாவின் பிரச்சினைக்கு மிக நெருக்கமானது 2011-இல் வெளியான நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வு. கையில் மூட்டுத் தேய்மானம் உள்ள 20 பேர். கையை ஒரு பெட்டிக்குள் வைக்க வேண்டும். மேலே திரையில் அதே கை நேரலையாகத் தெரியும். ஆய்வாளர் விரலை மெதுவாக இழுக்கும்போது, திரையில் அந்த விரல் மிட்டாய்போல் நீளும். உள்ளே தள்ளும்போது சுருங்கும். 85 சதவீதம் பேருக்கு வலி சராசரியாகப் பாதி குறைந்தது. மூன்றில் ஒருவருக்குச் சற்று நேரம் வலியே இல்லை. சிலருக்கு நீண்டால் சுகம், சிலருக்குச் சுருங்கினால். இழுக்கிற உணர்வும் படமும் ஒரே நேரத்தில் பொருந்துவதுதான் இந்த முறையின் உயிர். ஆகவே வீட்டில் வெறும் படத்தைக் காட்டி இதே பலனை எதிர்பார்க்காதீர்கள். பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருந்து செய்ய வேண்டிய வேலை இது.

கையைப் பெரிதாக்கிக் காட்டும் விளையாட்டும் வேண்டாம். நாள்பட்ட கைவலி உள்ளவர்கள் வலிக்கிற கையை பைனாகுலரில் பெரிதாகப் பார்த்தபடி அசைத்தபோது, வலியோடு வீக்கமும் கூடியது. பைனாகுலரைத் திருப்பிப் பிடித்துச் சிறிதாகப் பார்த்தபோது இரண்டும் குறைந்தன. இது 2008-இல் வெளியானது.

சரி, ஹெட்செட்டை எதற்குத்தான் பயன்படுத்துவது? கவனத்தைத் திருப்ப. சியாட்டில் ஹார்பர்வியூ மருத்துவமனையில், தீக்காயம் பட்டவர்களுக்குக் கட்டு மாற்றும்போது பனிப் பள்ளத்தாக்கில் பனியுருண்டை எறியும் மெய்நிகர் விளையாட்டைக் கொடுத்தார்கள். வலி நன்றாகக் குறைந்தது. அம்மா விரல் பயிற்சி செய்யும்போது குளிர்ச்சியான, நிதானமான காட்சி எதையாவது போட்டுவிடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்தே பார்க்கட்டும். தலைசுற்றினால் உடனே கழற்றிவிடுங்கள். வலி மறந்திருக்கும் நேரத்தில் அளவுக்கு மீறி விரலை மடக்கிவிட வாய்ப்புண்டு. எத்தனை முறை என்பதை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

ஒத்தடம் கொடுக்கும்போது மட்டும் ஹெட்செட் கூடவே கூடாது. சர்க்கரையால் நரம்பு மரத்திருந்தால் சூடு சரியாகத் தெரியாது. கவனமும் வேறெங்கோ இருந்தால் தோல் வெந்து கொப்புளம் வந்த பிறகுதான் தெரியவரும். வெந்நீரின் சூட்டை நீங்கள் உங்கள் முழங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

காலையில் எழுந்ததும் விரல் இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ, மூட்டு சிவந்து வீங்கினாலோ, அது தேய்மானம் மட்டுமாக இல்லாமலும் இருக்கலாம். முடக்குவாதமா (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) என்று மூட்டுவாத மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள்.