அப்பாவின் கடிதத்தை வெட்டாதீர்கள்

கேள்வி: மறைந்த என் அப்பாவைப் பற்றிப் பன்னிரண்டு கவிதைகள் எழுதியிருக்கிறேன். அவற்றைக் கையால் தைத்து ஒரே ஒரு பிரதியாகப் புத்தகம் செய்கிறேன். ஒவ்வொரு கவிதைக்கும் எதிர்ப்பக்கத்தில் அவருடைய கடிதங்கள், புகைப்படங்கள், ரசீதுகள், அவர் சேர்த்துவைத்த செய்தித்தாள் துணுக்குகள் ஆகியவற்றை வெட்டி ஒட்டி கொலாஜ் செய்ய ஆசை. முதல் இரண்டு பக்கங்களிலேயே தாள் வளைந்துவிட்டது, கடிதத்தின் மையும் கரைந்து பரவிவிட்டது. எந்தப் பசையை வாங்கினால் இந்தத் தொல்லை இருக்காது?

பதில்: முதலில் கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள். பசையைப் பிறகு பார்க்கலாம்.

மை கரைந்தது பசையின் குற்றமன்று. மைப்பேனாவில் ஊற்றும் மைகளில் பெரும்பாலானவை நீரில் கரைபவை. நீர் கலந்த எந்தப் பசை பட்டாலும் அவை பரவும். நீர் கலக்காத ரப்பர் பசையோ நாளடைவில் பழுத்துக் கறையாகித் தாளின் மறுபுறமும் தெரியும். ஆகவே அசல் கடிதத்துக்கு ஏற்ற பசை என்று எதையும் நான் சொல்லப்போவதில்லை. நகலை ஒட்டுங்கள்.

நகல் என்றதும் முகம் சுளிப்பீர்கள். அப்பாவின் கை பட்ட தாள் அல்லவா என்பீர்கள். அது எனக்கும் புரிகிறது. ஆனால் நகல்தான் உங்களுக்குத் துணிச்சல் தரும். அவர் எழுதிய ‘நலம்’ என்ற ஒற்றைச் சொல்லைப் பக்கம் முழுக்கப் பெரிதாக்கலாம், ஒரே வரியை ஏழு முறை கிழித்து அடுக்கலாம், பிடிக்காவிட்டால் மறுநாள் வேறு மாதிரி செய்து பார்க்கலாம். அசலை ஒரு முறைதான் வெட்ட முடியும். அந்தப் பயத்திலேயே கை இறுகிப்போகும். நகலை லேசர் அச்சில் எடுங்கள். அதன் தூள் சூட்டில் உருகித் தாளில் பிடித்துக்கொள்வதால் பசையின் ஈரத்துக்கு அசையாது. வீட்டில் இருக்கும் இங்க்ஜெட் அச்சுப்பொறி பெரும்பாலும் உங்கள் கடிதம் செய்ததையே செய்யும்.

ரசீதுகளை இன்றே நகலெடுங்கள். வழுவழுப்பான சுருள் தாளில் வரும் ரசீதில் மையே கிடையாது. சூடு பட்டால் கறுக்கும் பூச்சுதான் அதில் எழுத்தாகத் தெரிகிறது. ஒட்டினாலும் ஒட்டாவிட்டாலும் அது ஒருநாள் வெளுத்துவிடும்.

செய்தித்தாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது மரத்தை அப்படியே அரைத்துச் செய்யும் தாள். அதிலுள்ள லிக்னின் என்ற மரப்பொருள் ஒளியும் காற்றும் பட்டுப் பழுப்பாகும், கூடவே அமிலத்தைப் பக்கத்துத் தாளுக்கும் கடத்தும். 1912 தொடங்கி ஓவியர்கள் பிக்காசோவும் பிராக்கும் ஒட்டிய செய்தித்தாள் துண்டுகளே இன்று பழுப்பேறித்தான் இருக்கின்றன. அதற்கும் வெகு முன்னால், 1772-இல், எழுபது வயதைக் கடந்த மேரி டிலேனி காகிதம் வெட்டி மலர்கள் செய்யத் தொடங்கினார். ஏறக்குறைய ஆயிரம் மலர்கள் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன. அவர் காலத்தில் காகிதம் மரத்திலிருந்து வரவில்லை, பழைய துணியிலிருந்து வந்தது.

இனிப் பசை. கோதுமை ஸ்டார்ச் ஒரு பங்கு, நீர் ஐந்து பங்கு. கட்டி தட்டாமல் கிளறிக் காய்ச்சி, கண்ணாடிபோல் ஆனதும் இறக்கி, ஆறவைத்து, சல்லடையில் தேய்த்து எடுங்கள். கோதுமை மாவு வேறு, ஸ்டார்ச் வேறு, மாவை வாங்கிவிடாதீர்கள். இந்தப் பசையின் அருமை, பின்னால் ஈரப்படுத்தினால் பிரிந்து வரும் என்பதுதான். பைண்டிங்குக்கான வெள்ளைப் பசையை அட்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். செல்லோடேப்பை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள்.

தாள் வளைவதற்குக் காரணம் ஈரம். தாளில் இழைகள் ஒரே திசையில் ஓடுகின்றன. ஈரம் பட்டால் அந்த ஓட்டத்துக்குக் குறுக்காக விரியும், காய்ந்தால் சுருங்கும். மெதுவாக மடக்கிப் பாருங்கள், எளிதாக வளையும்போது மடிப்புக்கோடு ஓடும் திசையில்தான் இழையும் ஓடுகிறது. பக்கத்திலும் துண்டிலும் இழை புத்தக முதுகுக்கு இணையாக இருக்கட்டும். பசையை மெல்லப் பூசி, ஒட்டி, உறிஞ்சுதாள்களுக்கு நடுவே வைத்துக் கனமான பலகைக்கு அடியில் ஓர் இரவு விடுங்கள். பொறுமையில்லாமல் வெயிலில் காயவைத்தவர்கள்தான் என்னிடம் வந்து பசையைத் திட்டுகிறார்கள். முதுகில் தைக்கும்போது பக்கங்களுக்கு இடையே குறுகிய தாள் பட்டைகளைச் சேர்த்துத் தையுங்கள். இல்லையென்றால் புத்தகம் வாய் பிளந்து நிற்கும்.

கடையில் ‘அமிலமற்றது’ என்று ஒட்டியிருக்கும் சீட்டுக்கு மயங்காதீர்கள். பெரும்பாலும் உற்பத்தியாளர் தாமே சொல்லிக்கொள்வது அது. விற்கும் நாளில் அமிலம் இல்லாத தாள், லிக்னின் இருந்தால் பின்னால் அமிலமாகும். நீடித்த தாளுக்கு ஐ.எஸ்.ஓ. 9706 என்றொரு சர்வதேசத் தரம் இருக்கிறது. பொதுமக்களைக் காக்க வேண்டிய அந்த விதியைப் படிப்பதற்கே காசு கொடுத்து வாங்க வேண்டும்! இந்த இடைவெளியில்தான் தரகர்கள் நுழைகிறார்கள். ‘நூறாண்டு உத்தரவாதம்’ என்று லேமினேட் செய்து தருபவர் உங்கள் கடிதத்தைச் சூட்டில் பிளாஸ்டிக்கோடு உருக்கி ஒட்டுகிறார். அதை உரிக்க நினைத்தால் தாளும் கூடவே போகும். ‘கலைப் பதிப்பு’ போட்டு ஐ.எஸ்.பி.என். என்ற நூல் அடையாள எண் வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவரும் உண்டு. உங்கள் ஒற்றைப் பிரதிக்கு அந்த எண் எதற்கு?

ஒரு விலக்கு உண்டு. உங்கள் அப்பா வரைவாளராகவோ பொறியாளராகவோ இருந்து, நீலப் பின்னணியில் வெள்ளைக் கோடு கொண்ட பழைய வரைபடத்தை வைத்திருந்தால், மேலே சொன்ன தரமான தாள் அதற்கு ஆகாது. நீடித்த தாள்களில் அமிலத்தை முறிக்கக் கால்சியம் கார்பனேட் என்ற காரப்பொருளைச் சேர்த்திருப்பார்கள். 1842-இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த அந்த நீல அச்சு காரம் பட்டால் வெளுக்கும். மற்ற பெரும்பாலான தாள்களுக்கு மருந்தாக இருப்பது இதற்கு நஞ்சு. அதைக் காரமும் சேர்க்காத, லிக்னினும் இல்லாத பருத்தித் தாளுக்குள் இருட்டில் வையுங்கள். நகலை மட்டும் புத்தகத்தில் சேருங்கள். ஒரு குடும்பத்தில் இதை இரண்டு முறை விளக்கினேன். மூன்றாம் முறை நீலம் வெளுத்த வரைபடத்தோடு வந்தார்கள்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். கவிதையில் குடை வந்தால் எதிர்ப்பக்கத்தில் குடைப் படம் ஒட்டாதீர்கள். கவிதை சொல்லாமல் விட்டதை ஒட்டுங்கள்: அவர் கணக்கெழுதிய தாளின் ஓரம், சட்டைப் பையின் மடிப்புத் தடம்.

அசல் கடிதங்களைப் பின்னட்டையின் உட்புறத்தில் ஒரு தாள் உறை செய்து, மடிக்காமல் வைக்கலாம். புகைப்படங்களுக்குத் தனி உறை வேண்டும். உறையின் வாயை ஒட்டிவிடாதீர்கள்.