கார் கேள்வி-பதில்: கியர் விழுவது தெரியலாமா?

கேள்வி: என்னுடையது 1993 டொயோட்டா கொரோலா, 1.5 லிட்டர், ஓட்டோ கியர். ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது முதுகில் ஒரு சின்னத் தள்ளு தெரிகிறது. தம்பியின் புதுக் காரில் கியர் மாறுவதே தெரிவதில்லை. கராஜில் கேட்டால், கேபிளைக் கொஞ்சம் லூஸ் பண்ணிவிட்டால் மெத்தென்று ஓடும் என்கிறார்கள். செய்யலாமா?
— வாசகர், வெள்ளவத்தை

பதில்: வேண்டாம், அந்தக் கேபிளில் கை வைக்க விடாதீர்கள். அது த்ராட்டிலிலிருந்து (இன்ஜினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் வால்வு) கியர்பாக்ஸுக்குப் போகிற கேபிள். நீங்கள் ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதிக்கிறீர்கள் என்று உள்ளே சொல்வதே அதுதான், அதை வைத்துத்தான் ஆயில் பிரஷர் ஏறி இறங்குகிறது, அந்தப் பிரஷர்தான் கியர்பாக்ஸுக்குள் கியரைப் பிடித்துக்கொள்ளும் கிளட்ச் பிளேட்டுகளை இறுக்கிப் பிடிக்கிறது. கேபிளைத் தளர்த்தினால், இன்ஜின் முழு இழுவையில் இருக்கும்போதும் 'கால் லேசாகத்தான் இருக்கு' என்று எடுத்துக்கொண்டு கியர்பாக்ஸ் பிரஷரைக் குறைத்துவிடும். கியர் மெத்தென்று விழும், அது உண்மைதான். ஆனால் பிளேட்டுகள் வழுக்கி வழுக்கித்தான் பிடிக்கும். கிணற்றுக் கயிறு கைக்குள் வழுக்கிக்கொண்டு ஓடினால் உள்ளங்கை என்ன ஆகும்? அதேதான்.

தம்பியின் காரோடு ஒப்பிடுவது நியாயமில்லை. புதுக் கார்களில் கியர் மாறும் அந்த நொடியில் கம்ப்யூட்டர் இன்ஜினின் இழுவையையே கொஞ்சம் குறைத்துவிடும், பிளேட்டைப் பிடிக்கும் பிரஷரையும் சோலினாய்டு (மின்சாரத்தில் இயங்கும் வால்வு) வைத்து நுணுக்கமாக ஏற்றும். முப்பது வருஷத்துக்கு முந்தைய கியர்பாக்ஸ்களில் பெரும்பாலும் இந்த வசதி கிடையாது. இழுவை அப்படியே இருக்க, பிளேட் அதைச் சட்டென்று பிடிக்க வேண்டும், அதனால் ஒரு தள்ளு தெரியத்தான் செய்யும்.

அப்போ எவ்வளவு தெரியலாம்? லேசாக மிதித்து ஓட்டும்போது கவனித்தால்தான் தெரிய வேண்டும், பாதி மிதியில் முதுகில் ஒரு தள்ளு, முழு மிதியில் நன்றாகவே ஓர் அழுத்தம். எதுவானாலும் ஒரே தரம், சட்டென்று வந்து முடிந்துவிட வேண்டும். லேசான மிதியிலேயே தலை முன்னும் பின்னும் ஆடினால் அது அதிகம். டாக்கோமீட்டர் (இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் மீட்டர்) இருந்தால் முள்ளைப் பாருங்கள், என் கணக்கில் முதுகைவிட அது நம்பகமான சாட்சி. கியர் மாறும்போது முள் நேராகக் கீழே இறங்க வேண்டும். முதலில் மேலே ஒரு துள்ளு துள்ளிவிட்டு அப்புறம் இறங்கினால், பழைய கியரை விட்டாயிற்று, புதுக் கியரை இன்னும் பிடிக்கவில்லை என்று அர்த்தம். பயப்பட வேண்டியது இதற்குத்தான், தள்ளுக்கு அல்ல.

கேபிள் சரியாக இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். இன்ஜினை அணைத்துவிட்டு, யாரையாவது ஆக்ஸிலரேட்டரைத் தரை வரை மிதிக்கச் சொல்லுங்கள். த்ராட்டில் பக்கம் கேபிளின் மேல் ஒரு சின்ன உலோகக் குமிழ் இருக்கும், அதற்கும் உறையின் ரப்பர் முனைக்கும் நடுவில் 0 முதல் 1 மில்லிமீட்டர் வரைதான் இடைவெளி இருக்கலாம். இருந்தால் விட்டுவிடுங்கள். இன்னொரு சோதனை: வண்டி நன்றாகச் சூடான பிறகு, சமதரையில், ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, கால் பிரேக்கையும் மிதித்துக்கொண்டு நியூட்ரலிலிருந்து 'டி'-க்குத் தள்ளுங்கள். பிடிக்கும் அந்த மெல்லிய இடி 1.2 நொடிக்குள் வர வேண்டும், 'ஆர்' என்றால் 1.5 நொடிக்குள். இது டொயோட்டாவின் கணக்கு. அதைத் தாண்டினால் பிரஷர் குறைவு அல்லது பிளேட் தேய்மானம், அப்போது நல்ல மெக்கானிக்கிடம் போய்விடுங்கள்.

கேள்வி: 1990 மெர்சிடிஸ் 300இ. போன மாதம் வரை கியர் ஒழுங்காக விழுந்தது, இப்போது ஒவ்வொரு கியரும் உதைக்கிறது. பட்டறையில் கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டும் என்கிறார்கள்.
— வாசகர், கிள்ளான், மலேசியா

பதில்: பிரிக்க அவசரப்படாதீர்கள். அந்தக் காலத்து மெர்சிடிஸ் கியர் கொஞ்சம் அழுத்தமாகத்தான் விழும், உங்கள் 300இ சாதாரண மிதியில் இரண்டாவது கியரில்தான் கிளம்பும், அதெல்லாம் அதன் சுபாவம். ஆனால் நேற்று வரை இல்லாத உதை இன்று வந்தால் அது சுபாவமில்லை. எல்லா கியரும் ஒன்றாகச் சேர்ந்து உதைக்கிறது என்கிறீர்கள், அதனால் என் சந்தேகம் வாக்யூம் (இன்ஜினின் உறிஞ்சும் இழுப்பு) மேல்தான்.

கொரோலாவில் கேபிள் சொல்லும் சேதியில் பெரும்பங்கை உங்கள் வண்டியில் இன்ஜினிலிருந்து வரும் வாக்யூம் சொல்கிறது. லேசாக மிதித்தால் வாக்யூம் அதிகம், அழுத்தி மிதித்தால் குறைவு. எங்காவது குழாய் வெடித்து வாக்யூம் போய்ச் சேராவிட்டால், கியர்பாக்ஸ் நீங்கள் எப்போதும் முழு மிதியில் இருப்பதாக நினைத்து முழு பிரஷரையும் கொடுக்கும், விளைவு உதை. முப்பது வருஷச் சூட்டில் அந்தச் சின்ன ரப்பர் முழங்கைத் துண்டுகள் வெடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். விலையும் சொற்பம்தான்.

குழாய் நன்றாக இருந்தால், கியர்பாக்ஸ் பக்கவாட்டில் இருக்கும் மாடுலேட்டரிலிருந்து (வாக்யூமைப் பார்த்துப் பிரஷரை ஏற்றி இறக்கும் பாகம்) அதைக் கழற்றிப் பாருங்கள். குழாய்க்குள் கியர் ஆயில் ஈரம் தெரிந்தால் மாடுலேட்டரின் சவ்வு கிழிந்துவிட்டது, இன்ஜின் அந்த ஆயிலை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. ஆயில் குறைவதும் சைலன்சரில் வெள்ளைப் புகை வருவதும் கூடவே இருக்கும். மாடுலேட்டரை மட்டும் மாற்றினால் போதும், வெளியிலிருந்தே கழற்றலாம். ஐடில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) அதிகமாக இருக்கிறதா, இன்ஜினைத் தாங்கும் மவுன்ட் உட்கார்ந்துவிட்டதா, புரொப்பெல்லர் ஷாஃப்டின் ரப்பர் டிஸ்க் வெடித்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள், இவையும் உதை மாதிரியே தெரியும். இத்தனைக்கும் பிறகு உதைத்தால் பிரிப்பதைப் பற்றிப் பேசலாம். மாடுலேட்டரில் பிரஷரைக் கூட்டிக் குறைக்கும் திருகு ஒன்று உண்டு. அதைத் திருகி உதையை அமுக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள், கிழிந்த குழாய் அப்படியேதான் இருக்கும்.

கேள்வி: 2002 ஹோண்டா அக்கார்ட் ஆட்டோமேட்டிக், கியர் கொஞ்சம் ஜெர்க் அடிக்கிறது. ஆயிலில் கலக்கிற பாட்டில் ஒன்று கடையில் கிடைக்கிறது, ஊற்றலாமா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஊற்ற வேண்டாம். இப்படி மெத்தென்று ஆக்கித் தருவதாகச் சொல்லும் பாட்டில்கள் பொதுவாக உராய்வைத்தான் குறைக்கும். ஜெர்க் குறையும், வழுக்கல் கூடும். ஆயிலே தவறாக இருக்கலாம், முதலில் அதைப் பாருங்கள். உங்கள் வண்டிக்கு ஹோண்டா அப்போது சொன்ன கியர் ஆயில் ஏடிஎஃப் இசட்-1, இப்போது அதற்குப் பதிலாக டிடபிள்யூ-1 வருகிறது. வேறு எது உள்ளே போயிருந்தாலும் கியர் விழும் விதம் மாறும். ஒரு தரம் வடித்தால் முழு ஆயிலும் வராது, இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருக்கும் டார்க் கன்வெர்ட்டரில் நிறைய தங்கிவிடும். அதனால் வடித்து ஊற்றி, கொஞ்சம் ஓட்டி, மறுபடியும் வடித்து ஊற்றச் சொல்லுங்கள். அளவு பார்க்கும்போது இன்ஜின் சூடாக இருக்க வேண்டும், அணைத்த உடனே பார்க்க வேண்டும். ஓடவிட்டுப் பார்ப்பது டொயோட்டாவுக்கு, ஹோண்டாவுக்கு அது சரிப்படாது. வடிந்த ஆயில் கறுத்து, தீய்ந்த வாடை அடித்தால் அந்தப் பாட்டில் காசையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள், பிளேட் வேலை வரும்.