சென்சார் மாற்றியும் எரர் போகவில்லையா?

கேள்வி: எங்கள் 20 டன் எக்ஸ்கவேட்டரில் ஆயில் பிரஷர் எரர் வருவதும் போவதுமாக இருக்கிறது. டிஸ்ப்ளேயில் எஸ்பிஎன் 100, எஃப்எம்ஐ 3 என்று வருகிறது. சென்சாரை இரண்டு முறை மாற்றியாகிவிட்டது, இரண்டுமே புதுசு. மேடு பள்ளத்தில் ஓட்டும்போதுதான் அதிகம் வருகிறது. இப்போது ஈசிஎம் போய்விட்டது, அதை மாற்றுங்கள் என்கிறார்கள். மாற்றலாமா சார்?

பதில்: வேண்டாம். ஈசிஎம்மை, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரை, இப்போதைக்குத் தொடவே தொடாதீர்கள். நீங்கள் எழுதியதிலேயே விடை பாதி இருக்கிறது: மேடு பள்ளத்தில் குலுங்கும்போது வருகிறது, புது சென்சார் போட்டும் வருகிறது. அப்படியென்றால் நான் முதலில் சந்தேகப்படுவது வயரையும் கனெக்டரையும்தான்.

எஸ்பிஎன் என்பது எதில் கோளாறு என்று சொல்லும் எண், 100 என்றால் இன்ஜின் ஆயில் பிரஷர். அதில் என்ன கோளாறு என்பதைச் சொல்வது அடுத்து வரும் எஃப்எம்ஐ எண், ஆனால் நிறைய பேர் முதல் எண்ணைப் பார்த்ததுமே சென்சாரைக் கழற்றப் போய்விடுகிறார்கள். எஃப்எம்ஐ 1 வந்திருந்தால் பிரஷரே நிஜமாக இறங்கிவிட்டது என்று பொருள், அந்த நொடியே இன்ஜினை நிறுத்த வேண்டும். 3 என்றால் சிக்னல் வோல்டேஜ் இருக்க வேண்டிய அளவைத் தாண்டி மேலே போயிருக்கிறது, 4 என்றால் கீழே, 5 என்றால் கரன்ட் குறைவு அல்லது சர்க்யூட் ஓபன். உங்களுக்கு வந்திருப்பது 3. அது சென்சார், கனெக்டர், வயர், ஈசிஎம் பின் எல்லாம் சேர்ந்த முழு சர்க்யூட்டையும் பற்றிய புகார். இருந்தாலும் ஒரு மெக்கானிக்கல் கேஜ் மாட்டி உண்மையான ஆயில் பிரஷரை ஒரு தடவை பார்த்துவிடுங்கள், ஏனென்றால் எலக்ட்ரிக்கல் கோளாறுதான் என்று நினைத்து ஓட்டி இன்ஜினை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, இப்போது மீட்டரை எடுங்கள். பக்கெட்டைத் தரையில் இறக்கி, இன்ஜினை நிறுத்தி, சாவியை மட்டும் ஆனில் வையுங்கள். இந்த வகை சென்சாரில் பெரும்பாலும் மூன்று வயர் இருக்கும்: 5 வோல்ட் சப்ளை, எர்த், சிக்னல். நல்ல நிலையில் சிக்னல் ஏறத்தாழ 0.5 வோல்ட்டிலிருந்து 4.5 வோல்ட்டுக்குள் நிற்கும். சப்ளையையும் சிக்னலையும் எல்லோரும் பார்க்கிறார்கள், எர்த்தைத்தான் விட்டுவிடுகிறார்கள். எர்த் அறுந்தால் சென்சாருக்குள் வந்த 5 வோல்ட் திரும்பிப் போக வழியில்லாமல் சிக்னலும் 5 வோல்ட்டை நோக்கி ஏறிவிடும், ஈசிஎம் அதை எஃப்எம்ஐ 3 என்று பதிவு செய்யும்.

கனெக்டரைக் கழற்றிவிட்டு எர்த்தை அளந்தால் ஏமாந்துபோவீர்கள். மீட்டர் இழுக்கும் கரன்ட் மிகச் சொற்பம் என்பதால் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருக்கும் வயர்கூட அதற்கு நல்ல வயர்தான். சென்சார் மாட்டியபடியே, கனெக்டரின் பின்பக்கமாக மெல்லிய ப்ரோப் நுழைத்து, எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே வோல்டேஜ் பாருங்கள். சில பத்து மில்லிவோல்ட் இருந்தால் சரி, 0.1 வோல்ட்டைத் தாண்டினால் எங்கோ தடை இருக்கிறது. மீட்டரைக் குறைந்த, அதிக அளவைப் பதிவு செய்யும் மின்/மேக்ஸ் (Min/Max) மோடில் போட்டுவிட்டு ஒருவர் ஹார்னஸை (வயர் கட்டை) ஒவ்வொரு கிளாம்ப்பாகப் பிடித்து ஆட்டிக்கொண்டே வரட்டும், எந்த இடத்தில் எண் துள்ளுகிறதோ அங்கேதான் கோளாறு.

இதே மாதிரி ஒரு மெஷினோடு நான் மூன்று நாள் மல்லுக்கட்டியிருக்கிறேன். வயரின் மேல்தோலில் ஒரு கீறல்கூட இல்லை, கன்டினியூட்டியும் (மீட்டர் காட்டும் வயர் தொடர்பு) சரியாக இருந்தது. கடைசியில் இன்ஜின் பக்கம் ஹார்னஸ் வளைந்து போகும் இடத்தில் டேப்பைப் பிரித்து ஒவ்வொரு வயராக இரண்டு விரலால் லேசாக இழுத்துப் பார்த்தேன். மற்றதெல்லாம் விறைப்பாக இருக்க, ஒரு வயர் மட்டும் ரப்பர் பேண்ட் மாதிரி நீண்டது. உள்ளே செம்பு மொத்தமும் அறுந்து, களிம்பு பிடித்து, பச்சைப் பொடியாகக் கொட்டியது. தோல் மட்டும்தான் அந்த வயரைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் அந்த மெஷினுக்கு மூன்று சென்சார் மாற்றியிருந்தார்கள்.

வயர் சரியென்றால் கனெக்டர் பின். அதே அளவுள்ள ஆண் பின் ஒன்றைத் தனியாக எடுத்து, ஒவ்வொரு பெண் பின்னிலும் சொருகி இழுத்துப் பாருங்கள். இறுக்கமாகப் பிடிக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் பின் விரிந்துவிட்டது, குலுங்கும்போதெல்லாம் விடும். ஈசிஎம் பக்கத்துக் கனெக்டரிலும் இதையே செய்யுங்கள். இத்தனையும் சரியாக இருந்தால்தான் ஈசிஎம் பற்றிய பேச்சே வர வேண்டும்.

கேள்வி: வீல் லோடரில் ஒரே நேரத்தில் நான்கைந்து சென்சார் எரர் வந்துவிட்டது. எல்லாமே ஒன்றாகக் கெட்டுப்போகுமா?

பதில்: ஒரே நாளில் ஐந்து சென்சார் சேர்ந்து கெடுவது மிக அபூர்வம். பல சென்சார்களுக்கு ஈசிஎம் ஒரே 5 வோல்ட் சப்ளையைப் பிரித்துக் கொடுக்கிறது, அதில் ஒன்று உள்ளே ஷார்ட் ஆனாலும் மொத்த சப்ளையும் படுத்துவிடும், பாவம் மற்ற நான்கும் சேர்ந்து பழி சுமக்கும். 5 வோல்ட் வயரில் மீட்டரை வைத்துக்கொண்டு சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்பி வருகிறதோ அதுதான் குற்றவாளி. எல்லாவற்றையும் கழற்றியும் வரவில்லையென்றால் அந்த சப்ளை வயர் எங்கோ உரசி பாடியைத் தொடுகிறதா என்று தேடுங்கள். எர்த்தும் பொதுவாகவே இருக்கும், அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: மீட்டர் இல்லாத நேரத்தில் டெஸ்ட் லேம்ப் வைத்து சென்சார் வயரைப் பார்க்கலாமா? வயரில் ஊசி குத்திப் பார்ப்பது தவறா?

பதில்: சென்சார் வயரில் பல்பு டெஸ்ட் லேம்ப் வைக்கவே வைக்காதீர்கள். அது இழுக்கும் கரன்ட்டை ஈசிஎம்மின் சின்ன சர்க்யூட் தாங்காது. பேட்டரியிலிருந்து வரும் 24 வோல்ட் ஃபீட் வயருக்கு மட்டும் அது நல்ல கருவி. ஊசி குத்துவதும் வேண்டாம், இன்று குத்திய ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி, அடுத்த மழைக்காலத்தில் அதே இடத்தில் களிம்பு பிடிக்கும்.

கேள்வி: கூலன்ட் டெம்பரேச்சர் திடீரென்று மைனஸ் 40 டிகிரி என்று காட்டுகிறது. இன்ஜினோ கொதிக்கிற சூட்டில் இருக்கிறது.

பதில்: சர்க்யூட் ஓபன். அந்த சென்சாரில் சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் குறையும், வயர் அறுந்தால் ரெசிஸ்டன்ஸ் எல்லையில்லாமல் போவதால் ஈசிஎம் அதைக் கடுங்குளிர் என்று படிக்கிறது. கனெக்டரைக் கழற்றி இரண்டு பின்னையும் ஒரு ஜம்பர் வயரால் இணையுங்கள். ரீடிங் மைனஸிலிருந்து உச்சத்துக்குத் தாவினால் வயரும் ஈசிஎம்மும் நன்றாக இருக்கின்றன, சென்சாரைத் தைரியமாக மாற்றலாம். தாவவில்லையென்றால் வயரைத் தேடுங்கள். இரண்டு வயர் சென்சாருக்கு மட்டும்தான் இந்த ஜம்பர் சோதனை, மூன்று வயர் சென்சாரில் 5 வோல்ட்டை எர்த்தோடு சேர்த்துவிடாதீர்கள்.

கேள்வி: டிஸ்ப்ளேயில் 'கம்யூனிகேஷன் எரர்' என்று வந்து எல்லா மீட்டரும் செத்துவிட்டது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: பேட்டரியைத் துண்டித்துவிட்டு, டயக்னாஸ்டிக் சாக்கெட்டில் கேன் ஹை, கேன் லோ (கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இரண்டு வயர்கள்) இரண்டுக்கும் இடையே ரெசிஸ்டன்ஸ் அளந்து தொடங்குங்கள். இரண்டு கோடியிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருப்பதால் 60 ஓம் அளவுக்கு வர வேண்டும். 120 வந்தால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது, பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தால் இரண்டு வயரும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன, 40 வந்தால் யாரோ தேவையில்லாமல் மூன்றாவது ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள்.