பழ மரங்களில் நத்தைத் தொல்லை: கேள்வி பதில்

கேள்வி (குலசேகரம்): ஐயா, நட்டு ஒரு மாதமே ஆன பப்பாளிக் கன்றுகளின் குருத்தும் தண்டின் தோலும் இரவோடு இரவாகச் சுரண்டப்படுகின்றன. பகலில் தேடினால் ஒரு பூச்சியும் அகப்படவில்லை.

பதில்: தண்டில் காய்ந்த பசைபோல் மின்னும் கோடு தெரிகிறதா என்று பாருங்கள்; தெரிந்தால் அது நத்தையின் வேலைதான். மழை ஓய்ந்த இரவில் டார்ச்சுடன் சென்றால் நேரிலேயே காணலாம். பெரும்பாலும் இது ஆப்பிரிக்க ராட்சத நத்தையாக இருக்கும். 1847இல் மொரீஷியசிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து விடப்பட்ட இந்த இனம், பின்னர் செடிகளோடும் மண்ணோடும் நாட்டின் பல பகுதிகளுக்குப் பரவிவிட்டது.

கேள்வி (அதே அன்பர்): எங்கிருந்து தொடங்குவது?

பதில்: மரத்திலிருந்து அல்ல, தரையிலிருந்து. காய்ந்த மட்டை, செங்கல் குவியல், வரப்போரக் களை ஆகியவைதான் நத்தையின் பகல்நேர இருப்பிடம் என்பதால், முதலில் அவற்றை அப்புறப்படுத்துங்கள். பிறகு மாலையில் நனைத்த சாக்குகளை ஆங்காங்கே விரித்து, அடியில் பப்பாளி இலையையோ முட்டைக்கோஸ் இலையையோ வைத்தால், விடியும்போது நத்தைகள் அங்கே ஒதுங்கியிருக்கும். கையுறை அணிந்து பொறுக்கி, வாளியில் கரைத்த அடர்ந்த உப்புநீரில் போட்டு, இறந்தபின் தோட்டத்துக்கு வெளியே ஆழமாகப் புதையுங்கள். வெறுங்கையால் தொடவே கூடாது. மூளையுறை அழற்சியை உண்டாக்கும் எலி நுரையீரல் புழுவை இந்நத்தைகள் சுமக்கக்கூடும்.

ஒரே ஈட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளை இடும் உயிரினம் இது. ஈரமண்ணைக் கிளறும்போது வெளிர்மஞ்சள் நிறத்தில், கொத்தமல்லி விதை அளவில் குவியலாகத் தென்படுபவை அம்முட்டைகள்; கண்டவுடன் நசுக்கிவிடுங்கள். கோடையில் ஓட்டின் வாயை வெண்ணிறச் சவ்வால் அடைத்துக்கொண்டு உறங்கும் நத்தைகள் முதல் மழையில் எழுந்து வருவதால், அந்தச் சில வாரங்களில் நாள் தவறாமல் பொறுக்குபவருக்கே ஆண்டு முழுவதும் நிம்மதி கிடைக்கும்.

கேள்வி (தென்காசி): தோட்டத்தைச் சுற்றி உப்பைத் தூவலாமா?

பதில்: வேண்டாம். மழையில் கரைந்து வேர்ப்பகுதிக்கு இறங்கும் உப்பு, நத்தையைவிட அதிகமாக மரத்தையே வதைக்கும்.

கேள்வி (கண்டி): எங்கள் தோடை (ஆரஞ்சு) மரங்களில் நத்தைகள் ஏறிக் காயையும் கடிக்கின்றன. ஏறாமல் தடுக்க வழி உண்டா ஐயா?

பதில்: உண்டு. தரையைத் தொடும் கிளைகளைக் கழித்து, அடித்தண்டு ஒன்றே ஏறும் வழி என்ற நிலையை முதலில் உண்டாக்குங்கள். ஒரு கிளை களையின்மேல் சாய்ந்திருந்தாலும் தண்டில் செய்யும் காப்பு முழுவதும் வீணாகிவிடும். அதன்பின் தண்டைச் சுற்றிச் செப்புத் தகட்டுப் பட்டை கட்டலாம். தண்டு பருக்கப் பருக்கப் பட்டையைத் தளர்த்த மறக்காதீர்கள். பட்டை கட்ட வசதியில்லையெனில் போர்டோ பசை பூசலாம்: ஒரு கிலோ மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) ஐந்து லிட்டர் நீரிலும், ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பை ஐந்து லிட்டர் நீரிலும் தனித்தனியே பிளாஸ்டிக் வாளிகளில் கரைத்து, ஒன்றாகக் கலந்து தண்டின் அடிப்பகுதியில் பூச வேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது.

கேள்வி (ஓசூர்): கடையில் நத்தையைக் கொல்லும் மெட்டால்டிஹைடு என்ற நச்சுக் குருணை தருகிறார்கள். வீட்டில் நாய் இருக்கிறது.

பதில்: அப்படியானால் வாங்காதீர்கள். அதைத் தின்ற நாய்க்கு வலிப்பு வந்து உயிரே போகலாம். பிரிட்டனில் 2022 முதல் திறந்தவெளியில் அதைப் பயன்படுத்தத் தடை உள்ளது. இரும்பு பாஸ்பேட் கலந்த இரை கிடைத்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். அதையும் நாய்க்கு எட்டாதபடி அளவோடு இடுங்கள்.

கேள்வி (கோத்தகிரி): நத்தையைத் தின்னும் நத்தையை வளர்த்து விடலாம் என்கிறார்களே?

பதில்: அந்த யோசனையை அடியோடு கைவிடுங்கள். ராட்சத நத்தையை ஒழிப்பதற்காக 1955இல் ஹவாயிலும், 1970களில் தஹிதியிலும் அதன் அண்டைத் தீவுகளிலும் இறக்கிவிடப்பட்ட செந்நிற வேட்டை நத்தை, அங்கே மட்டுமே வாழ்ந்த சின்னஞ்சிறு மர நத்தை இனங்கள் பலவற்றை அழித்துவிட்டது. ராட்சத நத்தையோ ஒழியவில்லை. உங்கள் வேலியோரப் புதரில் செம்போத்து இருந்தால், அது ராட்சத நத்தையையும் கொத்தித் தின்னும் பறவை என்பதால், அந்தப் புதரை மட்டும் வெட்டாமல் விட்டுவையுங்கள்.