டவர் கம்பியும் உடம்பின் செல்களும்: வாசகர் கேள்வி-பதில்

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்த கேள்விகள் இவை. வேலி ஓரமாகப் போகும் தெனாகா மின்சாரக் கம்பெனியின் டவர்தான் பலருக்கும் கவலை.

பழைய டியூப் லைட்டைக் கையில் பிடித்து ராத்திரியில் கம்பிக்குக் கீழே நின்றால் மங்கலாக எரிகிறது. அப்படியென்றால் என் உடம்புக்குள் என்ன நடக்கும்?

டியூப் எரிவது உண்மைதான். பெரிய கம்பிக்குக் கீழே மின்புலம் மீட்டருக்குச் சில ஆயிரம் வோல்ட் வரை போகும். குழாயிலுள்ள வாயுவுக்கு அது போதும். உடம்பின் கதை வேறு. உள்ளே இருப்பது உப்பு நீர், மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதனால் புலத்தில் பெரும்பகுதி தோலோடு நின்றுவிடும். உள்ளே போவது ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அதாவது மீட்டருக்குச் சில மில்லிவோல்ட்.

இனி செல்லைப் பாருங்கள். நரம்புச் செல்லின் சவ்வுக்கு இரு பக்கமும் சுமார் 70 மில்லிவோல்ட் வித்தியாசம் எப்போதும் இருக்கிறது. சவ்வோ அவ்வளவு மெல்லியது. கணக்குப் போட்டால் அதற்குள் மீட்டருக்கு ஒரு கோடி வோல்ட் வருகிறது! கம்பியால் ஒரு சாதாரண உருண்டைச் செல்லின் சவ்வில் கூடுவது ஒரு மைக்ரோவோல்ட்டுக்கும் கீழே. மரபணுவின் பிணைப்பை உடைக்கும் ஆற்றலும் 50 ஹெர்ட்ஸ் புலத்துக்குக் கிடையாது. எக்ஸ்ரேயோடு இதைச் சேர்த்துப் பேசுவது தப்பு.

பேத்தி படுக்கும் அறையிலிருந்து டவர் தெரிகிறது. ரத்தப் புற்றுநோய் வரும் என்கிறார்களே?

காரணமில்லாமல் வந்த பேச்சு இல்லை, அம்மா. கம்பியைச் சுற்றி மின்புலத்தோடு காந்தப்புலமும் இருக்கும். அதை உடம்பும் தடுக்காது, சுவரும் தடுக்காது. 1979-இல் அமெரிக்காவின் டென்வரில் செய்த ஆய்வில் தொடங்கிய சந்தேகம் இது. பல நாட்டு ஆய்வுகளை 2000-இல் சேர்த்துப் பார்த்தபோது, காந்தப்புலம் சராசரியாக 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) மேல் இருந்த வீடுகளில் குழந்தைகளுக்கு இந்நோய் சுமார் இரண்டு மடங்காகத் தெரிந்தது. அப்படிப்பட்ட வீடுகள் மிகக் குறைவு. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2002-இல் இதை '2பி', அதாவது 'ஒருவேளை காரணமாகலாம்' என்ற பட்டியலில் வைத்தது. முழு இலைக் கற்றாழைச் சாறும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. செல்லிலும் எலியிலும் எத்தனையோ சோதனை நடந்தும், இது எப்படி நோயாகிறது என்று திரும்பத் திரும்ப நிரூபிக்க முடியவில்லை.

டவர் கண்ணுக்குத் தெரிவது ஓர் அளவே இல்லை. தள்ளிப் போகப் போகப் புலம் வேகமாகக் குறையும். இதற்காக வீட்டை விற்காதீர்கள். கட்டிலின் தலைமாட்டுச் சுவருக்கு மறுபக்கம் மெயின் சுவிட்ச் போர்டு இருந்தால் மட்டும் கட்டிலை நகர்த்திப் போடுங்கள், செலவா என்ன?

பாசார் மாலாமில் விற்கும் காந்தக் காப்பு முட்டிவலிக்கு உதவுமா?

உதவாது, ஐயா. முறிந்து ஒன்றுசேராத எலும்புக்கு வைக்கும் மின்காந்தக் கருவிக்கு 1979-இலேயே அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதைக் காட்டித்தான் இதை விற்கிறார்கள். அந்தக் கருவியில் புலம் மாறிக்கொண்டே இருப்பதால் திசுவில் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. காப்பிலுள்ள காந்தம் சும்மா கிடக்கிறது.

கம்பிக்குக் கீழே காய்க்கும் செம்பனைக் குலை கெட்டுப்போகுமா?

கெடாது. ஆனால் அதை வெட்டுகிறவருக்குத்தான் ஆபத்து. அலுமினியக் கம்பத்தில் அரிவாளைக் கட்டி நிமிர்த்தும்போது கம்பம் கம்பியைத் தொடக்கூட வேண்டாம், நெருங்கினாலே மின்சாரம் காற்றில் பாய்ந்துவிடும். அந்த வரிசை மரங்களில் குலை வெட்டச் சொன்னால், முதலில் மண்டோரிடம் பாதுகாப்பான தூரம் எவ்வளவு என்று கேளுங்கள். சொல்லத் தெரியவில்லை என்றால் கம்பத்தைத் தூக்காதீர்கள்.