இல்லாத கிழவிக்கு எதற்கு அழுகை? – வாசகர் கேள்வி பதில்

நாவலில் ஒரு கிழவி செத்துப்போகிறாள். படித்துவிட்டு இரண்டு நாள் எனக்குச் சோறே இறங்கவில்லை. 'இல்லாத கிழவிக்கு எதுக்குடி அழுவுற' என்று வீட்டுக்காரர் சிரிக்கிறார். எனக்கு ஏதாவது கோளாறா?
– ஒரு வாசகி, பாலக்கோடு

கோளாறெல்லாம் ஒன்றுமில்லை. உங்கள் வீட்டுக்காரர் பாரதக் கூத்தே பார்த்ததில்லையா என்று முதலில் கேளுங்கள். நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் திரௌபதியம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் திரௌபதி துகில் உரிகிற கூத்து அன்றைக்குக் கூட்டத்தைப் பார்க்க வேண்டும். துச்சாதனன் வேஷம் கட்டியவர் சேலையில் கை வைப்பதற்கு முன்னால் கற்பூரம் ஏற்றி, இது வேஷம்தான் தாயே, பொறுத்துக்கொள் என்கிற மாதிரி அம்மனை வேண்டிக்கொண்டுதான் தொடுவார். திரௌபதியாக நிற்பவரும் பெரும்பாலும் ஆண்தான், சாயங்காலம் அவர் டீக்கடையில் நின்று பீடி பிடித்ததை ஊரே பார்த்திருக்கும், கண்ணன் வந்து சேலை கொடுப்பான் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இத்தனையும் தெரிந்துதான் கூட்டத்தில் நாலு பேருக்குச் சாமி வருகிறது, பாக்கிப் பேர் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார்கள். கதை என்று தெரிவது ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். ஒன்று இன்னொன்றைத் தடுப்பதில்லை.

புத்தகம் கூத்தைவிட ஒரு படி மேலே போகிறது. பல வருஷமாகக் கூடவே இருக்கிற மாமியார் மனசில் என்ன ஓடுகிறது என்று உங்களால் அடித்துச் சொல்ல முடியுமா? அந்த நாவல் கிழவி ராத்திரி தூக்கம் வராமல் யாரை நினைத்துக்கொண்டு படுத்திருந்தாள், யாரிடமும் சொல்லாமல் எதை மறைத்தாள் எல்லாம் உங்களுக்குத் தெரியும். அவளுடைய சொந்தப் பிள்ளைக்கே தெரியாததை நீங்கள் தெரிந்துவைத்திருக்கிறீர்கள். அவ்வளவு நெருங்கிய ஒருத்தி போனால் சோறு எப்படி இறங்கும்? (அந்தக் கிழவியில் உங்கள் ஆயா யாராவது இருந்தார்களா என்று கேட்க மாட்டேன். இருந்திருந்தால் அழுகையில் பாதி அவர் பங்கு.)

எந்தக் கதையை எடுத்தாலும் எனக்குக் கெட்டவனைத்தான் பிடிக்கிறது. தப்பா?
– கல்லூரி மாணவர், காவேரிப்பட்டணம்

கர்ணனை எடுத்துக்கொள்ளுங்கள். துரியோதனன் பக்கம் நின்றவன், துகில் உரிந்த சபையில் திரௌபதியைக் கேவலமாகப் பேசியவன். ஆனால் கர்ண மோட்சம் கூத்து அன்றைக்கு அழுகிற ஜனம் அர்ஜுனனுக்காகவா அழுகிறது? சாவு வீட்டுக் காரியத்தன்றே அந்தக் கூத்தை வைக்கிற வழக்கம் வடமாவட்டங்களில் உண்டு. கதையை எங்கிருந்து ஆரம்பிக்கிறார்கள் என்பதில்தான் சூட்சுமம். சபையிலிருந்து ஆரம்பித்தால் கர்ணன் வாய்க்கொழுப்பு பிடித்தவன். பெற்றவள் ஆற்றில் விட்ட பெட்டியிலிருந்து ஆரம்பித்தால் அவன் நம் வீட்டுப் பிள்ளை ஆகிவிடுகிறான், அப்புறம் அவன் என்ன செய்தாலும் 'அவன் பட்ட பாடு அப்படி' என்று நாமே வக்கீல் வேலை பார்க்கிறோம். பிடிப்பதில் தப்பில்லை தம்பி. அவனை மாதிரியே சபையில் பேசக் கிளம்பினால்தான் வம்பு.

தொடர்கதையில் எனக்குப் பிடித்த பாத்திரத்தை எழுத்தாளர் கொன்றுவிட்டார். திட்டிக் கடிதம் போடலாமா?
– ஒரு வாசகர், ஊத்தங்கரை

தாராளமாகப் போடுங்கள், பெரிய பரம்பரையில் சேருவீர்கள். துப்பறியும் கதை நாயகன் ஷெர்லாக் ஹோம்ஸை 1893-ல் அவனை எழுதிய ஆர்தர் கோனன் டாயிலே அருவியில் தள்ளி முடித்தபோது, கதை வந்த ஸ்ட்ராண்ட் பத்திரிகைக்கு ஏகப்பட்ட பேர் சந்தாவை நிறுத்தினார்கள். டாயிலுக்கு ஹோம்ஸ் மேல் அலுப்பு, வரலாற்று நாவல் எழுத ஆசை. பெற்ற தாய் முன்பே வேண்டாமென்று சொல்லியும் கேட்கவில்லை. 1901-ல் ஹோம்ஸ் சாவதற்கு முந்தைய கதை என்று ஒன்றை ஆரம்பித்தார், 1903-ல் ஆளையே உயிரோடு கொண்டுவந்துவிட்டார். நல்ல பணம் கொடுத்தார்கள் என்பதும் உண்மை, கடிதம் மட்டுமே வேலை செய்தது என்று நினைத்துவிடாதீர்கள்.

தொடர்கதையில் வாரக்கணக்கில் காத்திருக்கும்போது பாத்திரம் நம்மோடேயே குடியிருக்க ஆரம்பிக்கிறது. 'பொன்னியின் செல்வன்' 1950-லிருந்து 1954 வரை கல்கியில் வந்தது. அந்த மூன்று வருஷத்துக்கும் மேலான காலத்தில் படித்தவர்கள் வீட்டில் கல்யாணம் நடந்திருக்கும், பிள்ளை பிறந்திருக்கும், மழை பொய்த்திருக்கும், எல்லாவற்றுக்கும் நடுவில் வந்தியத்தேவன் குதிரையில் போய்க்கொண்டே இருந்திருப்பான். ஒரே ராத்திரியில் முடிக்கிற புத்தகத்தில் இந்த ஒட்டுதல் வருமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

அம்மா டிவி சீரியல் பார்த்துக்கொண்டே 'அவளை நம்பாதடி' என்று திரையிடம் பேசுகிறார். கவலைப்படலாமா?
– ஒரு வாசகி, ஓசூர்

வேண்டாம். 1956-லேயே ஹார்ட்டன், வோல் என்று இரண்டு அமெரிக்கர்கள் இந்த ஒருதலைப் பழக்கத்தைப் பற்றிக் கட்டுரை எழுதிவிட்டார்கள், ரேடியோ, டிவியில் வருகிறவர்களோடு ஜனங்கள் கொள்ளும் பழக்கம் அது. அம்மாவுக்கு அது டிவி என்று நன்றாகத் தெரியும், விளம்பரம் வந்ததும் எழுந்து போய்க் குழம்பைக் கிளறுகிறாரா இல்லையா? வில்லியாக நடித்த பெண்ணைக் கடைத்தெருவில் பார்த்து அடிக்கப் போனால் மட்டும் எழுதுங்கள்.

பிடித்த நாவல் முடிந்து ஒரே வெறுமையாக இருக்கிறது. உடனே அடுத்ததை ஆரம்பிக்கலாமா?
– ஒரு வாசகி, பென்னாகரம்

ஒரு வாரம் போகட்டும். உடனே ஆரம்பித்தால், புதுக் கதாநாயகி நடந்தால் குற்றம் உட்கார்ந்தால் குற்றம் என்று நாத்தனார் மாதிரி குறை சொல்லிக்கொண்டே படிப்பீர்கள்.