பதில் போடாத கூட்டாளியிடம் என்ன கதைப்பது?

கேள்வி: எனக்கு 34 வயது, ஊர் திருகோணமலைப் பக்கம் உப்புவெளி. பள்ளிக்கூடக் காலத்தில் இருந்து பழகிய கூட்டாளி ஒருவன் கட்டாரில் வேலை பறிபோய், கடனோடு திரும்பி வந்திருக்கிறான். சில மாதமாக வீட்டை விட்டு வெளிக்கிடுவதில்லை, நித்திரை இல்லை, சாப்பாடும் குறைவு. "நான் இருந்து என்ன பிரயோசனம்" என்று தாயிடம் சொன்னானாம். தினமும் வாட்ஸ்அப்பில் நல்ல வசனங்கள் அனுப்புகிறேன், பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறான். நேரில் போய் எதையாவது பிழையாகக் கதைத்து நிலைமையைக் கெடுத்துவிடுவேனோ என்று பயம்.

பதில்: தம்பி, இன்றைக்கே போங்கள். தாயிடம் அவன் சொன்ன அந்த ஒரு வசனத்துக்காகவே சொல்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வரட்டும் என்று பார்க்க வேண்டாம்.

என்ன கதைப்பது என்ற பயம் எல்லோருக்கும் வருவதுதான். ஆனால் செத்த வீட்டுக்குப் போகும்போது நாம் வசனம் பாடமாக்கிக்கொண்டா போகிறோம்? போகிறோம், பக்கத்தில் இருக்கிறோம், யாரோ தேத்தண்ணி போடுகிறார்கள், அழுதால் அழ விடுகிறோம், முப்பத்தோராம் நாள் வரைக்கும் ஆட்கள் வந்து போய்க்கொண்டே இருப்பார்கள். மனம் உடைந்து கிடக்கிறவனுக்கும் அதுதான் வேண்டும், ஆனால் அவன் வீட்டுக்குத்தான் நாம் போவதில்லை.

போகும்போது கச்சான் ஒரு பை வாங்கிக்கொண்டு போங்கள். விறாந்தையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்து கச்சான் உடைத்துக்கொண்டிருந்தால் கைக்கு ஒரு வேலை, முகத்தை முகம் பார்க்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆம்பிளைகள் பலர் அப்படி இருக்கும்போதுதான் வாய் திறப்பார்கள். அரை மணித்தியாலம் ஒன்றுமே கதைக்காமல் போனாலும் பரவாயில்லை. "உன்னைவிடக் கஷ்டப்பட்டவன் எத்தனை பேர்", "ஆம்பிளைப் பிள்ளை இப்படி இருக்கலாமா" போன்றவை மட்டும் வேண்டாம், கேட்கிறவனுக்கு அது இன்னொரு அடி. கோயிலுக்குப் போ என்று சொல்வதும் அப்படித்தான். ஆனால் "வெள்ளிக்கிழமை கோணேசர் கோயிலுக்குப் போறேன், நீயும் ஏறு" என்று மோட்டார் சைக்கிளோடு வாசலில் நின்றால் அது வேறு.

அப்புறம், சாவைப் பற்றி நேராகக் கேளுங்கள். "உயிரை விடுவோம் என்று யோசனை வருதாடா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று படித்தவர்களும் நம்புகிறார்கள், அது உண்மை இல்லை. கேட்டதும் பெரும்பாலானவர்களுக்கு வருவது ஒரு ஆறுதல்தான். ஓம் என்றால் அவனைத் தனியே விட வேண்டாம். "ஒருத்தருக்கும் சொல்லாதே" என்று சத்தியம் கேட்டாலும் கொடுக்க வேண்டாம், தாய்க்குத் தெரிய வேண்டும். வீட்டில் இருக்கிற மாத்திரைகள், தோட்டத்துக்கு அடிக்கிற மருந்து எல்லாவற்றையும் வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டு, அன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அவசரம் என்றால் 1990 என்ற இலக்கத்துக்கு அடியுங்கள், அம்புலன்ஸ் வரும், அதற்குக் காசு எடுப்பதில்லை. கதைக்க ஆள் வேண்டும் என்றால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கம் 24 மணித்தியாலமும் இருக்கிறது, அவனும் எடுக்கலாம், நீங்களும் எடுக்கலாம்.

வாட்ஸ்அப் வசனங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நூறு பேருக்குப் போகிற பூப்படத்தை நிறுத்திவிட்டு, அவனுக்கு மட்டும் எழுதுங்கள். "நிலாவெளிப் பக்கம் போனேன், நாங்கள் பந்தடிச்ச இடத்தைப் பார்த்தேன், உன் ஞாபகம் வந்தது. பதில் போட வேண்டாம்." இவ்வளவு போதும். 1969 இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர் ஏறக்குறைய இதைத்தான் செய்து பார்த்தார். வைத்தியசாலையில் இருந்துவிட்டு அதற்குப் பிறகு சிகிச்சை வேண்டாம் என்று ஒதுங்கியவர்களில் ஒரு பகுதியினருக்கு, எதையும் கேட்காத, சுகம் விசாரிக்கிற சின்னக் கடிதங்களை ஐந்து வருடம் அனுப்பினார்கள். முதல் இரண்டு வருடங்களில் அந்தப் பகுதியினரிடையே தற்கொலை குறைவாக இருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு இன்னும் நமக்குக் கிட்ட நடந்தது: கொழும்பு, சென்னை உட்பட ஐந்து நாடுகளில், உயிரை மாய்க்க முயன்று அவசரப் பிரிவுக்கு வந்த 1,867 பேர். பாதிப்பேருக்கு வழமையான சிகிச்சை, மற்றப் பாதிப்பேருக்கு ஒரு மணித்தியாலம் கதைத்து, பிறகு 18 மாதத்தில் ஒன்பது தடவை ஃபோனிலோ நேரிலோ விசாரித்தார்கள். வழமையான சிகிச்சை பெற்றவர்களில் 18 பேர் பிறகு தற்கொலையில் இறந்தார்கள், விசாரிக்கப்பட்டவர்களில் 2 பேர். 2008 இல் வெளிவந்த கணக்கு இது, எனக்கு இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் காணாது.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இது மனச்சோர்வு நோயாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு, இரண்டு கிழமைக்கு மேல் இப்படி இருந்தாலே வைத்தியர் பார்க்க வேண்டும். தைரொய்டு, இரத்தக்குறைவு போன்றவையும் ஆளைச் சோர வைக்கும், அதையும் சோதிப்பார்கள். குடி இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். மருந்து எழுதினால் வேலை செய்ய இரண்டு முதல் நாலு கிழமை எடுக்கும், அடிமையாக்காது, ஆனால் தானாக நிறுத்தக்கூடாது. முதல் கிழமைகளில் "ஒன்றும் மாறேல்லை" என்று விட்டுவிடுகிறவர்கள் அதிகம், அதனால் இரண்டாவது கிளினிக்குக்கும் நீங்களே கூடப் போங்கள்.

எல்லாவற்றையும் தனியே தூக்க வேண்டாம், பழைய வகுப்புக்காரர் இருவரைச் சேர்த்து நாள் பிரித்துக்கொள்ளுங்கள். கடன் விஷயத்தை இப்போதைக்கு அவன் தலையில் இருந்து இறக்க, கடன்காரரிடம் தவணை கேட்டுக் கதைக்க ஒருவர் போனாலும் பெரிய உதவி.